இரும்புக் குழாயும் ஏரிப் படுகையும்

தீபாவளி இரவில் ராக்கெட் வாணத்தைப் புட்டியில் நிறுத்தித் திரியைப் பற்றவைத்த அனுபவம் நம்மில் பலருக்கும் உண்டு. ‘உஸ்’ என்ற ஓசையுடன் அது கிளம்பும்போது நம் மனமும் உடன் கிளம்புகிறது. வாணம் மறைந்ததும் நாம் அடுத்த புட்டியைத் தேடுகிறோம். ஆனால் சிலர் அங்கேயே நின்று கேட்டார்கள்: இது ஏன் மேலே போகிறது? எவ்வளவு உயரம் போயிற்று? இதை நாமே செய்ய முடியுமா? இக்கேள்விகளை விடாமல் கேட்டவர்களால்தான் ராக்கெட் விஞ்ஞானம் வளர்ந்தது. அவர்களிற் பலர் பெரிய ஆய்வுக்கூடங்களில் இருந்தவர்கள் அல்லர். பள்ளி ஆசிரியர், கல்லூரி மாணவர், காலணிக் கடைக்காரர் என்று பல திறத்தினர், பொழுதுபோக்காகத் தொடங்கியவர்கள். அவர்களுடைய வரலாற்றை நான் அறிந்துகொண்டது ஒரு கோடை விடுமுறையில். ஆகவே இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

அந்தக் கோடை

பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் எம்.எஸ்ஸி. இயற்பியல் தேர்வை முடித்துவிட்டு லால்பேட்டைக்குத் திரும்பியிருந்தேன். தேர்வு முடிவு வரவேண்டும். வேலை தேட வேண்டும். அதற்கிடையில் இரண்டு மாதம் கையில் இருந்தது. நண்பர்கள் மூவர் ஊரில் இருந்தனர். ஒருவன் வரலாறு படித்தவன். ஒருவன் பாலிடெக்னிக் முடித்தவன். மூன்றாமவன் மோட்டார் சைக்கிள் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தான்.

கடைக்கார நண்பனின் இடக்கையில் இரண்டு விரல்கள் பாதிதான் இருக்கும். நாங்கள் ஒன்பதாம் வகுப்பில் படித்தபோது நேர்ந்தது அது. வெடிகளைப் பிரித்து மருந்தை எடுத்து, ஒரு துண்டு இரும்புக் குழாயில் அடைத்து ‘ராக்கெட்’ செய்ய முனைந்தோம். அது பறக்கவில்லை, கையிலேயே வெடித்தது. யோசனை என்னுடையது. குழாயைப் பிடித்திருந்த கை அவனுடையது. அதன் பிறகு பல ஆண்டுகள் எங்களுக்குள் ராக்கெட் என்ற சொல்லே வந்ததில்லை.

அந்தக் கோடையில் ஒரு மாலை, வீராணம் ஏரிக்கரையில் உட்கார்ந்திருந்தபோது அவனே பேச்சை எடுத்தான். “டேய், இன்னொரு தடவை செய்து பார்ப்போம். இந்தத் தடவை படித்துவிட்டுச் செய்வோம்” என்றான். நான் உடனே பதில் சொல்லவில்லை. “அன்றைக்கு ஏன் வெடித்தது என்று எனக்கு இன்றுவரை யாரும் சொல்லவில்லை. நீ எம்.எஸ்ஸி. முடித்தவன். உனக்காவது தெரியுமா?” என்றான்.

எனக்குத் தெரிந்திருந்தது சமன்பாடுதான். கதை தெரியாது. கதையைத் தேடி நால்வரும் புறப்பட்டோம்.

நம் ஊர்ப்பக்கம் வந்த பாணங்கள்

முதற் பயணம் வெகுதூரமில்லை. சிதம்பரம் சென்று, அங்கிருந்து பேருந்தில் பரங்கிப்பேட்டை. வரலாறு படித்த நண்பன் வழிகாட்டினான்.

1780-ஆம் ஆண்டு ஹைதர் அலி பெரும்படையுடன் கர்நாடகப் பகுதியில் இறங்கினார். மறு ஆண்டு ஜூன் மாதத்தில் அவருடைய வீரர்கள் சிதம்பரம் கோயிலைக் கோட்டையாக வைத்திருந்தனர். ஆங்கிலத் தளபதி அயர் கூட் அதைத் தாக்கி, முடியாமல் பின்வாங்கினார். 1781 ஜூலை 1-ஆம் நாள் பரங்கிப்பேட்டையில் இரு படைகளும் மோதின. எண்ணிக்கையிற் சிறிய கூட்டின் படை அன்று வென்றது. இன்று நாம் மீன் வாங்கப் போகும் ஊர், அன்று உலகின் கண்கள் பார்த்த போர்க்களம்.

அதற்கு முந்தைய ஆண்டு நிலைமை நேர்மாறாக இருந்தது. காஞ்சிபுரத்துக்கு அருகிலுள்ள புள்ளலூரில் 1780 செப்டம்பர் 10-ஆம் நாள் கர்னல் பெய்லியின் ஆங்கிலப் படை முற்றிலும் சிதைந்தது. பெய்லி சிறைப்பட்டார். ஆங்கிலேயரின் வெடிமருந்து வண்டிகள் தீப்பற்றி வெடித்ததே தோல்விக்கு முக்கியக் காரணம். அத்தீயை மூட்டியவை மைசூர்ப் படையின் பாணங்கள் என்று பலரும் கருதுகின்றனர். சீரங்கப்பட்டணத்து தரியா தௌலத் மாளிகைச் சுவரில் இப்போர் பெரிய ஓவியமாகத் தீட்டப்பட்டிருக்கிறது.

இப்பாணங்களின் சிறப்பு யாது? சீனத்திலும் இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் வாணங்கள் முன்பே இருந்தன. ஆனால் அவற்றின் உடல் காகிதத்தாலோ மூங்கிலாலோ ஆனது. மைசூர்க் கொல்லர்கள் மருந்தை இரும்புக் குழாயில் அடைத்தனர். குழாயின் நீளம் ஏறத்தாழ 20 சென்டிமீட்டர். விட்டம் 4 முதல் 8 சென்டிமீட்டர். அதை நீண்ட மூங்கில் கழியுடனோ வாளுடனோ தோல் வாரால் இறுகக் கட்டினர். பாணம் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் பறந்தது. சில அதற்கும் மேல் சென்றன.

இரும்பு ஏன் உதவிற்று? மருந்து எரியும்போது வாயு உண்டாகிறது. குழாயின் உள்ளே அழுத்தம் கூடுகிறது. அழுத்தம் கூடினால் வாயு பின்வாய் வழியே விரைந்து வெளியேறுகிறது; பாணத்தை அதே விசையுடன் முன்னே தள்ளுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதி இதுதான். காகிதக் குழாய் அதிக அழுத்தம் தாங்காது. இரும்பு தாங்கும். ஆனால் வாயு வெளியேறும் வழி அடைபட்டாலோ, மருந்தில் விரிசல் விழுந்து ஒரே நொடியில் எல்லாம் எரிந்தாலோ, இரும்பும் தாங்காது. அப்போது குழாய் ராக்கெட் அன்று, வெடிகுண்டு. இரும்பு உறுதியானது என்பதாலேயே அதன் சில்லுகளும் கொடியவை.

பரங்கிப்பேட்டைக் கடற்கரையில் இதை நான் மணலில் படம் வரைந்து சொன்னபோது நண்பன் தன் கையைப் பார்த்துக்கொண்டான். “அப்படியானால் அது பறக்கவே வழியில்லை” என்றான். ஆம். நாங்கள் செய்த குழாய்க்கு முறையான பின்வாயே இல்லை.

கையிலிருந்து ஏட்டுக்கு

1799-ஆம் ஆண்டு சீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. திப்பு சுல்தான் போரில் மாண்டார். கைப்பற்றிய பாணங்கள் சில இங்கிலாந்துக்குச் சென்றன. வில்லியம் காங்கிரீவ் என்பவர் அவற்றைப் பார்த்து 1804 வாக்கில் சோதனைகளைத் தொடங்கினார். மருந்தின் எடை என்ன, கழியின் நீளம் என்ன, எந்தக் கோணத்தில் ஏவினால் எவ்வளவு தூரம் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தார். 1806-இல் பிரெஞ்சுத் துறைமுகமாகிய பொலோன் மீதும், 1807-இல் கோப்பன்ஹேகன் மீதும் அவருடைய ராக்கெட்டுகள் பாய்ந்தன. 1814-இல் அமெரிக்காவின் பால்டிமோர்க் கோட்டையின் மீது அவை பாய்ந்த காட்சிதான் அந்நாட்டுத் தேசிய கீதத்தில் இடம்பெற்றது.

மைசூர்க் கொல்லர்களின் அறிவு அவர்களுடைய கையிலும் கண்ணிலும் இருந்தது. பட்டறை அழிந்தபோது அதுவும் அழிந்தது. காங்கிரீவ் அதை அளவுகளாகவும் அட்டவணைகளாகவும் மாற்றினார். ஏட்டில் ஏறியது மறையவில்லை. 2018-இல் கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டத்து நகரா என்ற ஊரில், தூர்ந்த கிணறு ஒன்றிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட பழைய பாணக் குழாய்கள் கிடைத்தன. அவற்றைச் செய்தவர்களின் பெயர் ஒன்றுகூட நமக்குக் கிடைக்கவில்லை.

ரயிலில் படித்தவை

அடுத்த பயணம் நெடியது. தும்பாவுக்குப் போவதென்று முடிவு செய்தோம். நால்வரும் சேர்த்த பணத்தில் முன்பதிவில்லாப் பெட்டிக்குத்தான் கட்டிற்று. மாவட்ட எல்லையைத் தாண்டி எங்கள் சொந்தச் செலவில் போன முதற் பயணம் அது. கல்லூரி நூலகத்தில் குறிப்பெடுத்த நோட்டை, கதவருகே உட்கார்ந்து முறைவைத்து உரக்கப் படித்தோம்.

முதலில் வந்தவர் கான்ஸ்டான்டின் சியோல்கோவ்ஸ்கி. 1857-இல் பிறந்த ருஷ்யர். சிறுவயதில் வந்த காய்ச்சலால் செவிப்புலனைப் பெரிதும் இழந்தவர். பள்ளிக்குச் செல்ல இயலாமல் நூல்களைத் தாமே படித்து, பின்னர்ப் பள்ளி ஆசிரியரானார். 1903-ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட கட்டுரையில் ராக்கெட்டின் அடிப்படைச் சமன்பாடு இருந்தது. அதன் சாரம் இது: ராக்கெட் அடையும் வேகம் இரண்டைப் பொறுத்தது, ஒன்று, வாயு வெளியேறும் வேகம், மற்றொன்று, எரிபொருளுடன் உள்ள நிறைக்கும் எரிபொருள் தீர்ந்தபின் உள்ள நிறைக்கும் உள்ள விகிதம். வாயு விநாடிக்கு 3 கிலோமீட்டர் வேகத்தில் வெளியேறுவதாகக் கொள்வோம். நிறை விகிதம் 2.7 ஆனால் ராக்கெட்டும் 3 கிலோமீட்டர் வேகம் பெறும். 6 கிலோமீட்டர் வேண்டுமானால் விகிதம் 7.4 ஆக வேண்டும். 9 வேண்டுமானால் 20! வேகம் கூட்டல் கணக்கில் ஏற, சுமை பெருக்கல் கணக்கில் ஏறுகிறது. அடுக்கு ராக்கெட்டுகள் ஏன் வேண்டியிருக்கின்றன என்பது இதனால் விளங்கும்.

அடுத்தவர் ராபர்ட் காடார்டு, அமெரிக்காவில் இயற்பியல் ஆசிரியர். காற்றில்லா வெளியில் உந்தித் தள்ள ஒன்றும் இல்லையே, ராக்கெட் எப்படிப் போகும் என்று 1920-இல் நியூயார்க் டைம்ஸ் அவரை எள்ளியது. 1926 மார்ச் 16-ஆம் நாள் உறவினர் ஒருவரின் பண்ணையில், பெட்ரோலும் திரவ ஆக்சிஜனும் கொண்ட ராக்கெட்டை அவர் ஏவினார். அது பறந்தது இரண்டரை விநாடி. எட்டிய உயரம் 12.5 மீட்டர். ஒரு தென்னை மரத்தின் உயரந்தான்! ஆனால் காடார்டு நேரத்தையும் தூரத்தையும் குறித்துவைத்தார். உலகின் முதல் திரவ எரிபொருள் ராக்கெட் என்று நாம் இன்று அதை அறிவது அக்குறிப்பினால்தான். 1969 ஜூலையில், அப்போலோ 11 சந்திரனை நோக்கிச் சென்றுகொண்டிருந்தபோது, அப்பத்திரிகை தன் தவற்றுக்கு வருத்தம் தெரிவித்தது. காடார்டு அப்போது உயிரோடில்லை.

ஜெர்மனியில் 1927-இல் ஆர்வலர்கள் விண்வெளிப் பயணச் சங்கம் ஒன்றைத் தொடங்கினர். 1930-இல் பெர்லினின் புறத்தே ஒரு பழைய ராணுவத் திடலைப் பெற்று ராக்கெட்டுகளைச் சோதித்தனர். அச்சங்கத்தில் இருந்த மாணவர்களில் ஒருவர் வெர்னர் வான் பிரவுன். சங்கத்தைத் தோற்றுவித்தவர்களில் ஒருவரான மாக்ஸ் வாலியர், 1930 மே மாதத்தில், சோதனை மேசை மீதிருந்த எந்திரம் வெடித்து மாண்டார். இச்சங்கத்தின் அறிவு பின்னர் நாஜி ராணுவத்தின் கைக்குப் போய், 1944-இல் லண்டன் மீது வி-2 ஏவுகணைகளாக விழுந்தது. அவற்றைச் செய்த சுரங்கத் தொழிற்சாலையில் அடிமைகளாக வேலை வாங்கப்பட்டு இறந்த கைதிகள் ஆயிரக்கணக்கானோர். பொழுதுபோக்கு எங்கே போய் முடியலாம் என்பதற்கு இதுவும் ஒரு பாடம்.

இந்தியாவில் இப்படி யாரும் இல்லையா என்று பாலிடெக்னிக் நண்பன் கேட்டான். இருந்தார். அவர் பெயர் ஸ்டீபன் ஸ்மித். 1891-இல் ஷில்லாங்கில் பிறந்து கல்கத்தாவில் வாழ்ந்தவர், தபால்தலைப் பிரியர். விமானத் தபாலில் இருந்த ஆசை அவரை ராக்கெட் தபாலுக்கு இழுத்தது. 1934 செப்டம்பர் 30-ஆம் நாள், கங்கை கடலிற் கலக்கும் இடத்தருகே, கப்பலிலிருந்து சாகர் தீவுக்குக் கடிதங்கள் அடங்கிய ராக்கெட்டை ஏவினார். அது நடுவானில் வெடித்தது. ஆயினும் கடிதங்களிற் பெரும்பாலானவை மீட்கப்பட்டன. ஸ்மித் விடவில்லை. 1935-இல் சிக்கிம் மன்னரின் ஆதரவுடன், அங்கே ஆற்றைக் கடந்து தேயிலை, சர்க்கரை முதலிய பொருள்களை ராக்கெட்டில் அனுப்பினார். அதே ஆண்டு ஜூனில் தாமோதர் ஆற்றின் குறுக்கே ஒரு சேவலையும் ஒரு கோழியையும் அனுப்பினார். இரண்டும் உயிரோடு இறங்கின! பத்தாண்டுகளில் ஏறத்தாழ 270 ராக்கெட்டுகள் ஏவியவர் அவர். வெள்ளத்திலும் நிலநடுக்கத்திலும் துண்டிக்கப்பட்ட ஊர்களுக்கு மருந்தும் உணவும் இவ்விதம் அனுப்பலாம் என்பது அவர் கனவு. 1951-இல் மறைந்தார். 1992-இல் இந்திய அரசு அவருக்குத் தபால்தலை வெளியிட்டது. தபால்தலை சேர்த்தவர் தாமே தபால்தலையில் ஏறினார்.

நோட்டின் கடைசிப் பக்கத்தை நான் படிக்கத் தயங்கினேன். கடைக்கார நண்பன் வாங்கிப் படித்தான். 1957 அக்டோபரில் ஸ்புட்னிக் பறந்தது. அமெரிக்கச் சிறுவர்கள் வீடுதோறும் ராக்கெட் செய்ய முனைந்தனர். இரும்புக் குழாய்கள் வெடித்துப் பலர் கை, கண், உயிர் இழந்தனர். ஹாரி ஸ்டைன் என்ற பொறியாளர் இவ்வாபத்தைப் பற்றி அதற்கு முன்பே எழுதியிருந்தார். அதைப் படித்த ஆர்வில் கார்லைல் என்ற காலணிக் கடைக்காரர், தாம் செய்த காகித ராக்கெட்டுகளை அவருக்கு அனுப்பிவைத்தார். உடல் காகிதம், எந்திரம் தொழிற்சாலையில் செய்தது, பற்றவைப்பது தூரத்திலிருந்து மின்சாரத்தால். இருவருமாகச் சேர்ந்து பாதுகாப்பு விதிகளை வகுத்தனர். மாதிரி ராக்கெட் பொழுதுபோக்கு அவ்வாறு பிறந்தது.

நண்பன் நோட்டை மூடினான். “அந்தப் பிள்ளைகளும் நம்மைப் போலத்தான்” என்றான். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

தேவாலயத்தில் ஓர் ஆய்வுக்கூடம்

திருவனந்தபுரத்தை அடுத்த தும்பா ஒரு மீனவக் கிராமம். பூமியின் காந்த நடுக்கோடு அதன் அருகே செல்கிறது. அக்கோட்டின் மேலே, நூறு கிலோமீட்டர் அளவு உயரத்தில், பகலில் பெரும் மின்னோட்டம் ஒன்று பாய்கிறது. பலூன்கள் அவ்வளவு உயரம் போகமாட்டா. செயற்கைக்கோள்களோ அவ்வளவு தாழ்வில் நிலைத்துச் சுற்றமாட்டா. அங்கே கருவிகளை அனுப்ப ராக்கெட் ஒன்றே வழி. விக்ரம் சாராபாய் அவ்விடத்தைத் தேர்ந்ததற்குக் காரணம் இதுவே.

பிஷப் பெரைராவும் ஊர் மக்களும் புனித மகதலேனா மரியாள் தேவாலயத்தையும் சுற்றியிருந்த நிலத்தையும் விட்டுக்கொடுத்தனர். தேவாலயமே ஆய்வுக்கூடமாயிற்று. ராக்கெட்டின் பாகம் ஒன்றைச் சைக்கிளில் வைத்துக் கொண்டுபோகும் புகைப்படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். 1963 நவம்பர் 21-ஆம் நாள் மாலை, அமெரிக்கா தந்த நைக்-அப்பாச்சி ராக்கெட் அங்கிருந்து கிளம்பியது. அது வெளியிட்ட சோடிய ஆவி அந்தி வானில் செம்மஞ்சள் மேகமாகப் படர்ந்தது. அன்று ராக்கெட்டைப் பொருத்துவதற்கும் பாதுகாப்புக்கும் பொறுப்பேற்றிருந்த இளம் பொறியாளர் அப்துல் கலாம். அவ்வாண்டில் பயிற்சிக்காக அமெரிக்கா சென்றபோது, வாலப்ஸ் தீவு நிலையத்துச் சுவரில் திப்புவின் பாணப்படை ஓவியத்தைக் கண்டதை அவர் தம் நூலில் குறிப்பிட்டிருக்கிறார். நாம் மறந்ததை அவர்கள் மாட்டிவைத்திருந்தார்கள்.

நாங்கள் போனபோது அத்தேவாலயம் விண்வெளி அருங்காட்சியகமாக இருந்தது. 1967 நவம்பரில் ஏவிய முதல் ரோகிணி ராக்கெட்டின் விட்டம் 75 மில்லிமீட்டர். மைசூர்ப் பாணத்தின் பெரிய குழாயும் ஏறக்குறைய அவ்வளவே! நண்பன் கைவிரலால் காற்றில் அளந்து பார்த்தான். “குழாய் மாறவில்லை, அதற்குப் பின்னால் இருந்த கணக்குதான் மாறியிருக்கிறது” என்றான். இயற்பியல் வகுப்பில் நான் இன்றும் சொல்லும் வாக்கியம் அது.

ஏரிப் படுகையில்

ஊர் திரும்பினோம். வீராணத்தின் மேற்கு விளிம்பில் நீர் வற்றித் தரை வெடித்துக் கிடந்தது. வெடிமருந்தைத் தொடுவதில்லை என்று முன்பே தீர்மானித்திருந்தோம். உரிமமின்றி அதைத் தயாரிப்பது 1884-ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டப்படி குற்றம். குற்றமென்பதைவிடக் கொடுமை என்பதை நாங்கள் அறிவோம். எங்கள் ராக்கெட் தண்ணீர் ராக்கெட்.

குளிர்பானம் வரும் ஒரு லிட்டர் பிளாஸ்டிக் புட்டியில் சிறிது நீரை ஊற்றி, வாயைத் தக்கையால் அடைத்து, சைக்கிள் பம்பால் காற்றை ஏற்ற வேண்டும். காற்று வில்லைப்போல் ஆற்றலைச் சேர்த்துவைக்கிறது. விடுவித்தால் நீரைப் பின்னே தள்ளி, புட்டியை முன்னே செலுத்துகிறது. நீரே இல்லாவிட்டால் காற்று மட்டும் வெளியேறும். அதன் நிறை சிறிது, தள்ளலும் சிறிது. நீர் மிகுந்தால் சுமை மிகும், காற்றுக்கு இடம் குறையும். ஆகவே இரண்டுக்கும் நடுவே ஓர் அளவு சிறந்ததாக இருக்க வேண்டும். அது எது? சியோல்கோவ்ஸ்கியின் கேள்வியே இங்கு ஒரு புட்டிக்குள் இருக்கிறது.

கடைக்கார நண்பன் விதிகளை வகுத்தான். முதலில் புட்டி முழுதும் நீர் நிரப்பி, ஏவப்போகும் அழுத்தத்தைவிட அதிகமாக ஏற்றிப் பார்க்க வேண்டும். நீர் அமுங்காது, ஆகவே புட்டி கிழிந்தாலும் சில்லு பறக்காது. அப்படிச் சோதிக்காத புட்டிக்குக் காற்று ஏற்றலாகாது. கீறல் விழுந்ததை எறிந்துவிட வேண்டும். அழுத்தம் ஏறியபின் யாரும் கிட்டே போகலாகாது. பத்து மீட்டர் தள்ளி நின்று கயிற்றை இழுத்துத்தான் விடுவிக்க வேண்டும். இவ்விதிகளை அவன் நோட்டின் முதற் பக்கத்தில் எழுதி, நால்வரிடமும் கையொப்பம் வாங்கினான்.

உயரத்தை அளக்க ஒரு பாகைமானி, ஒரு நூல், ஒரு குண்டு போதும். ஏவும் இடத்திலிருந்து 50 மீட்டர் தள்ளி நின்று, ராக்கெட் உச்சியை அடையும் கணத்தில் கோணத்தைப் பார்க்க வேண்டும். கோணம் 35 பாகையானால் அதன் டான்ஜென்ட் 0.70, உயரம் 50 × 0.70 = 35 மீட்டர். நம் கண்மட்டத்தின் உயரத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

முதல் நாள் மாடு மேய்க்க வந்த பெரியவர் ஒருவர் நின்று பார்த்தார். “என்ன தம்பி, வாணம் விடுறீங்களா?” என்று கேட்டார். “ஆமாம் தாத்தா, தண்ணீர் வாணம்” என்றோம். சிரித்துக்கொண்டே வேலமர நிழலில் உட்கார்ந்தார்.

கயிற்றை யார் இழுப்பது என்ற கேள்வி வந்தது. நண்பன் எதுவும் பேசாமல் கயிற்றை இடக்கையில் சுற்றிக்கொண்டான். மூன்று, இரண்டு, ஒன்று. நீர்த்தாரை ஒன்று தரையில் அறைந்தது. புட்டி மேலே போய்விட்டது. நான் கோணத்தைப் பார்க்க மறந்து வாயைத் திறந்து நின்றேன். “அளந்தாயா?” என்று அவன் கத்தினான். அளக்கவில்லை. ஆகவே அந்த ஏவல் எங்கள் நோட்டில் இல்லை!

பிறகு ஒரே அழுத்தத்தில், நீரின் அளவை மட்டும் மாற்றி, ஒவ்வொன்றையும் ஐந்து முறை ஏவினோம். புட்டியில் கால் பங்கு நீர் இருந்தபோது சராசரி உயரம் 31 மீட்டர், மூன்றில் ஒரு பங்குக்கு 35, பாதிக்கு 24. வெறும் காற்றில் சில மீட்டர்தான். நூல்கள் சொல்வதற்கும் இது ஒத்திருந்தது. புதிதாக ஒன்றும் கண்டுபிடித்துவிடவில்லை. ஆனால் பிறர் சொன்ன உண்மை ஒன்றை எங்கள் கையால், எங்கள் ஊரில், காயமின்றி அடைந்தோம். மறு வாரம் தேர்வு முடிவு வந்தது, தேறியிருந்தேன். அதைவிட அந்த மூன்று எண்களே அக்கோடையின் பெரிய மைல்கல்லாக இன்றும் எனக்குத் தோன்றுகின்றன.

மாணவர்களுக்கு ஒரு சொல்

அதன்பின் காலம் வெகுவாக மாறியிருக்கிறது. 2024 பிப்ரவரி 28-ஆம் நாள் தூத்துக்குடி மாவட்டத்துக் குலசேகரன்பட்டினத்தில் புதிய ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அதே ஆண்டு மே 30-ஆம் நாள், சென்னை ஐ.ஐ.டி.யில் முளைத்த அக்னிகுல் நிறுவனத்தின் ராக்கெட் சீரரிகோட்டாவிலிருந்து கிளம்பியது. அதன் எந்திரம் முப்பரிமாண அச்சில் ஒரே துண்டாக வார்த்தது. தமிழ்வழியில் படிக்கும் மாணவனும் மாணவியும் இத்துறையில் நுழைய வழி இன்று திறந்திருக்கிறது.

நுழைய விரும்புவோர் எதிலிருந்து தொடங்குவது? மருந்திலிருந்து அன்று, அளவிலிருந்து. ஒரு புட்டி, ஒரு பம்பு, ஒரு பாகைமானி, ஒரு நோட்டு. உடன் ஆசிரியரோ பெரியவரோ ஒருவர். மைசூர்க் கொல்லரிடம் திறமை இருந்தது; ஏடு இல்லை. ஒன்பதாம் வகுப்பில் எங்களிடம் ஆசை இருந்தது, அறிவு இல்லை. இரண்டுக்கும் விலை கொடுக்கவேண்டியிருந்தது.

ஆண்டுதோறும் கோடையில் என் மாணவர்களை அந்த ஏரிப் படுகைக்கு அழைத்துச் செல்கிறேன். விதிகளைச் சொல்ல என் நண்பன் கடையைப் பூட்டிவிட்டு வருகிறான். நோட்டின் முதற் பக்கத்தைப் படித்துக் கையொப்பமிடாத யாரையும் அவன் கயிற்றைத் தொட விடுவதில்லை.